எனக்கு வந்தது மஞ்சள்காமாலை இல்லை

முதல்ல ஒரு பொய்யைத் திருத்திடறேன். போன வருஷம் நாலாவது செமஸ்டர்ல ரெண்டு மாசம் நான் காலேஜ் பக்கமே வரல. கேட்டவங்க எல்லார்கிட்டயும் "மஞ்சள்காமாலைடா, கீழாநெல்லி குடிச்சிட்டு ஊர்ல கிடக்கேன்"னு சொன்னேன். கிளாஸ் வாட்ஸப் குரூப்ல நீங்க அனுப்பின பூங்கொத்து ஸ்டிக்கர் எல்லாம் அந்தப் பொய்க்கு வந்ததுதான். எனக்கு வந்தது காசநோய். டி.பி. நுரையீரல்ல.

இப்போ மருந்து முடிஞ்சாச்சு, சளிப் பரிசோதனையில கிருமி இல்லைன்னு வந்தாச்சு, எடையும் ஏறியாச்சு. இனிமே யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. சொல்லாம விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா நம்ம ஹாஸ்டல்ல ராத்திரி யாராவது இருமுற சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போயிடுது. அதான் எழுதுறேன்.

மூணு நாள் மாத்திரை

அக்டோபர்ல இருமல் ஆரம்பிச்சது. நம்ம ஹாஸ்டல் வைத்தியம் உங்களுக்கே தெரியும். பக்கத்து ரூம்ல மிச்சம் இருக்குற அசித்ரோமைசின் அட்டை. ஒரு நாளைக்கு ஒண்ணு, மூணு நாள். குறையலைன்னா மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணே, இருமலுக்கு"ன்னு சொன்னா போதும், சீட்டு எல்லாம் கேக்க மாட்டாங்க. இப்படி மூணு தடவை சாப்பிட்டேன். நாலாவது தடவை ஒரு கிளினிக்ல லீவோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தாங்க. அஞ்சு நாள். அப்பாடா, இருமல் குறைஞ்சது, ஒரு வாரம் நல்லாவே இருந்தேன்.

அதுக்கப்புறம் சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல். ராத்திரி பனியன் நனையுற அளவுக்கு வேர்வை. பேன்ட் இடுப்புல நிக்கல. "ஜிம் போகாமலே வெயிட் லாஸ்"னு நானே ஜோக் அடிச்சேன். 57 கிலோ இருந்தவன் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது 48.

எங்க ஊர் அறந்தாங்கியிலிருந்து நாகுடி போற வழியில இருக்கு. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே அப்பத்தா பார்த்துட்டா. "ஏய்யா, என்னய்யா முதுகெலும்பு தெரியுது?"ன்னு சட்டைக்குள்ள கை விட்டுத் தடவிப் பார்த்தா. மறுநாள் அப்பா பைக்ல அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனாரு. சளி எடுத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. ரிசல்ட் வந்தப்போ டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் என்னென்ன மாத்திரை சாப்பிட்ட?" வரிசையாச் சொன்னேன். லீவோஃப்ளாக்சசின் பேரைக் கேட்டதும் பேனாவைக் கீழ வச்சாரு. "அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும் தம்பி. முழுசா கொல்லாது, பதுங்க வைக்கும். அதனாலதான் உனக்கு நல்லாயிட்ட மாதிரி இருந்திருக்கு. நோயைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு நாள் ஆயிடுச்சு."

பழைய சோத்துச் சண்டை

சிகிச்சை ஆறு மாசம். முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து: ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். நாலும் சேர்ந்த ஒரே மாத்திரையா வரும், எடையைப் பொறுத்து எண்ணிக்கை. 48 கிலோவுக்கு மூணு. அடுத்த நாலு மாசம் பைராசினமைடு கிடையாது, மத்த மூணு மட்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டா சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும். முதல் நாள் பயந்தே போயிட்டேன். என்னோட மஞ்சள்காமாலைப் பொய்க்கு ஐடியா கொடுத்ததே அந்தக் கலர்தான்.

மாத்திரை ஆரம்பிச்ச முதல் ரெண்டு வாரம் வயிறு என் வயிறாவே இல்ல. குமட்டல், உப்புசம், சோத்தைப் பார்த்தாலே வெறுப்பு. அப்பத்தா பழைய சோத்துல மோரை ஊத்தி, சின்ன வெங்காயத்தோட கொண்டுவந்து வச்சா. அப்பா எகிறினாரு: "நெஞ்சுச் சளிக்காரனுக்குப் போயி பழைய சோறா? குளுந்துக்கிடும் ஆத்தா!" அப்பத்தா விடல. "வயிறு நல்லா இருந்தாத்தான்டா நெஞ்சு நல்லா இருக்கும்." ரெண்டு பேரும் என் தலைக்கு மேல தினமும் இதே சண்டை. படிச்ச புள்ளைன்னு தீர்ப்பு சொல்ற வேலை எனக்கு வந்துச்சு.

வேற வேலையும் இல்லாததால போன்ல தேட ஆரம்பிச்சேன். அப்பத்தா சொன்னதை அறிவியல்ல தேடினா என்ன வரும்னு விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளா வந்து விழுந்தது.

உள்ள என்ன நடக்குது?

முதல்ல காசநோய்க் கிருமியோட சூட்சுமம். ராபர்ட் காக் 1882 மார்ச் 24ல இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சாரு. அதனாலதான் அந்தத் தேதி உலக காசநோய் நாள். இருமுறவங்ககிட்டயிருந்து காத்துல கலந்து, நம்ம நுரையீரலோட கடைசிக் காற்றறை வரைக்கும் போகும். அங்க காவலுக்கு நிக்கிற மேக்ரோபேஜ் செல் அதை முழுங்கிடும். மத்த கிருமின்னா கதை அங்கேயே முடிஞ்சது. இது மட்டும் முழுங்கின செல்லுக்குள்ளயே உக்காந்து, அந்தச் செல்லோட செரிமானத்தை முடக்கிட்டுக் குடித்தனம் நடத்தும்.

அதை அடக்கணும்னா டி-செல் வரணும். அது இன்டர்ஃபெரான் காமா என்கிற பொருளைச் சுரந்து மேக்ரோபேஜை உசுப்பி விடணும். பெரும்பாலானவங்க உடம்பு இதைச் சரியாச் செஞ்சிடுது. உலக மக்கள்தொகையில ஏறக்குறைய நாலுல ஒருத்தர் உடம்புல இந்தக் கிருமி நுழைஞ்ச அடையாளம் இருக்கு. ஆனா அவங்கள்ல 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாள்ல எப்பவாவது நோயா மாறுது. யாருக்கு மாறும்? சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகை, குடி. இதெல்லாம் ரொம்ப நாளாத் தெரிஞ்ச பட்டியல். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்துல இப்போ புதுசா ஒரு கேள்வி வந்து நிக்குது: வயித்துல இருக்குற பாக்டீரியா?

நம்ம உடம்புல ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குறதா 2016ல ஒரு கணக்குப் போட்டாங்க. நம்ம சொந்தச் செல்களோட எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டச் சமம். அதுல பெரும்பங்கு பெருங்குடல்ல. நம்மளால செரிக்க முடியாத நார்ச்சத்தை அதுங்க புளிக்க வச்சு, அசிடேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் மாதிரியான சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குது. அதுல ஒரு பகுதி ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போகும். குடல் சுவரை ஒட்டி ஏராளமான நோய் எதிர்ப்பு செல்களும் இருக்கு. அங்க பழகின செல்கள் ரத்தம் வழியா நுரையீரல் வரைக்கும் போய் வரும்.

எங்க ஊர்க்காரனா இது எனக்குச் சட்டுனு புரிஞ்சது. நாங்க கல்லணைக் கால்வாயோட கடைமடை. நூறு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, கல்லணையில என்ன திறக்கிறாங்க, வழியில எந்த ஷட்டரை மூடுறாங்கங்கிறதுதான் நாகுடிப் பக்கம் நடவு நடக்குமா இல்லையான்னு முடிவு பண்ணும். எங்க வயல்ல நின்னு பார்த்தா கல்லணை தெரியாது. ஆனா எங்க வயல் கல்லணையாலதான் நனையுது. வயிறும் நுரையீரலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சண்டிகர் எலிகள்

இதை நம்ம நாட்டுலயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. சண்டிகர்ல இருக்குற நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்துல, ஜாவேத் அக்ரேவாலாவோட குழு 2016ல வெளியிட்ட ஆய்வு. எலிகளுக்குப் பலவகைக் கிருமிகளைக் கொல்ற ஆன்டிபயாடிக் கலவையைக் கொடுத்து குடல் பாக்டீரியாவைக் குலைச்சாங்க. அப்புறம் காசநோய்க் கிருமியைச் செலுத்தினாங்க. அந்த எலிகளோட நுரையீரல்ல மத்த எலிகளைவிடக் கிருமி அதிகம், மத்த உறுப்புகளுக்குப் பரவினதும் அதிகம். இன்டர்ஃபெரான் காமா சுரக்குற செல்கள் குறைஞ்சிருந்தது. எதிர்ப்பை அடக்கி வைக்கிற டி-செல்கள் கூடியிருந்தது. நல்லா இருக்குற எலியோட மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து இதுங்களுக்குக் கொடுத்தப்போ, எதிர்ப்பு திரும்பி வந்துச்சு.

அதே குழு 2019ல இன்னொரு விஷயம் பார்த்தாங்க. குடல் குலைஞ்ச எலிகள்ல, நுரையீரல்ல இருக்குற டென்ட்ரிட்டிக் செல்கள் மேல 'மின்கிள்'ங்கிற உணர்வி குறைஞ்சிருந்தது. காசநோய்க் கிருமியோட மேல்தோலை அடையாளம் காண்றதுல அதுக்குப் பங்கு உண்டு. லாக்டோபேசிலஸ் கொடுத்தப்போ அது மீண்டது. ஆன்டிபயாடிக் போனது குடலுக்கு. கேமரா அவிஞ்சது நுரையீரல்ல.

இதைப் படிச்ச அன்னைக்கு என்னோட மூணு அசித்ரோமைசின் அட்டையும் ஒரு லீவோஃப்ளாக்சசின் அட்டையும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. இங்க நான் கவனமாப் பேசணும். அந்த மாத்திரைகளாலதான் எனக்குக் காசநோய் வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. இருமல் ஆரம்பிக்கும்போதே கிருமி உள்ளதான் இருந்திருக்கும். எலி வேற, நான் வேற. ஆனா காவலுக்கு ஆள் தேவைப்பட்ட நேரத்துல, தேவையே இல்லாம நான் ஒரு கூட்டத்தையே உள்ள அழிச்சிட்டு இருந்தேன்ங்கிறது மட்டும் நிஜம்.

அப்போ தயிர் சாப்பிட்டாப் போதுமா?

இந்த இடத்துல யூடியூப் டாக்டர்கள் "புரோபயாடிக் குடிங்க, டி.பி. ஓடிடும்"னு முடிச்சிடுவாங்க. உண்மை அவ்வளவு நேரா இல்ல.

தென்னாப்பிரிக்காவுல எச்.ஐ.வி. உள்ளவங்ககிட்ட நடத்தி 2017ல வெளிவந்த ஒரு ஆய்வுல, ரத்தத்துல அந்தக் கொழுப்பு அமிலங்கள் அதிகமா இருந்தவங்களுக்குத்தான் பின்னாடி காசநோய் வர்ற வாய்ப்பு அதிகமா இருந்துச்சு. பியூட்டிரேட் இன்டர்ஃபெரான் காமாவைக் குறைக்குதுன்னும் பார்த்தாங்க. எல்லாரும் 'குடலுக்கு நல்லது'ன்னு கொண்டாடுற அதே பொருள்! அது அழற்சியைத் தணிக்கும். குடலுக்கு அது நல்லது. நுரையீரல்ல கிருமியோட சண்டை போடுற நேரத்துல அதே தணிப்பு வினையாகலாம். நம்ம ஈசிஇ பாஷையில சொன்னா, ஆம்ப்ளிஃபயர் கெயின் குறைஞ்சா சிக்னல் வராது, கூடினா ஸ்பீக்கர் கிழியும். காசநோய்லயும் எதிர்ப்பு குறைஞ்சா கிருமி ஜெயிக்கும், அளவு மீறினா நுரையீரலே குழிவிழும். 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்க'ங்கிற விளம்பரத்துல இந்தப் பாதியைச் சொல்றதே இல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கு. காசநோய் மருந்தே குடலைக் குலைக்கும். ஹைட்டி நாட்டு நோயாளிகள்கிட்ட பார்த்தப்போ, சிகிச்சை முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் குடல் பாக்டீரியா பழைய நிலைக்கு வரல. கனடாவுல மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் 2019ல, ஐசோநயாசிடும் பைராசினமைடும் கொடுத்துக் குடல் மாறின எலிகளோட நுரையீரல் மேக்ரோபேஜ்கள் பலவீனமாகுறதைப் பார்த்தாங்க.

அதைப் படிச்ச ராத்திரி எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்துச்சு. உண்மையைச் சொல்றேன். "இருமல்தான் நின்னுடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமா?" அரைகுறையாப் படிக்கிறதோட ஆபத்து இதுதான். அந்த எண்ணத்துக்குப் பதில் எனக்கு நம்ம சென்னையிலிருந்தே கிடைச்சது.

சென்னை சொன்ன பதில்

1956ல சென்னை சேத்துப்பட்டுல காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கினாங்க. இன்னைக்கு அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்துல காசநோய்னா சானடோரியம்: நல்ல காத்து, நல்ல சாப்பாடு, மாசக்கணக்குல ஓய்வு. ஏழைகளுக்கு அங்க எங்க இடம் கிடைக்கும்? அதனால நோயாளிகளை ரெண்டு பிரிவாக்கினாங்க. ஒரு பிரிவு சானடோரியத்துல. இன்னொரு பிரிவு நெருக்கடியான வீட்டுலயே, கிடைச்ச சாப்பாட்டோட. ரெண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து. 1959ல முடிவு வந்தது. வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானாங்க. அவங்க குடும்பத்தாருக்கு அதனால நோய் கூடுதலாப் பரவவும் இல்ல. உலகமே காசநோய்க்கு வீட்டுல வச்சு வைத்தியம் பார்க்கத் தொடங்கினது இந்த ஆய்வுக்கு அப்புறம்தான்.

அதாவது, கிருமியைக் கொல்றது மாத்திரைதான். சத்தான சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டுலயும் அது கொன்னுச்சு. பாதியில நிறுத்தினா, மிச்சம் இருக்குறது மருந்துக்குப் பழகிட்டுத் திரும்பி வரும். குடல் குலைஞ்சா காலப்போக்குல தேறும். மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தா அது வேற நரகம். நான் மாத்திரையைத் தொடர்ந்தேன்.

அப்போ சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? அதுக்கும் பதில் இருக்கு. ஜார்க்கண்ட்ல நடந்து 2023ல வெளிவந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு. காசநோயாளிகளோட வீட்டுல இருக்குற 10,345 பேரைத் தொடர்ந்து பார்த்தாங்க. ஒரு பிரிவு குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு மாதிரியான ரேஷன் கூடுதலாக் கொடுத்தாங்க. அந்த வீடுகள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சது. தடுப்பூசி இல்ல, சோறு! நோயாளிகள்லயும், முதல் ரெண்டு மாசத்துல 5 சதவீதம் எடை கூடினவங்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவா இருந்துச்சு. இதுல குடல் பாக்டீரியாவோட பங்கு எவ்வளவுன்னு அந்த ஆய்வு அளக்கல. ஆனா நோய் எதிர்ப்பு தட்டுலயிருந்துதான் தொடங்குதுன்னு காட்டிடுச்சு. அரசாங்கம் காசநோயாளிகளுக்கு மாசம் 1000 ரூபாய் கணக்குல சத்துணவுக்குப் பணம் கொடுக்குது. அம்மா அதுல முட்டையும் கடலையும் வாங்கினா.

ஆக, அப்பத்தா - அப்பா வழக்குல என் தீர்ப்பு: பழைய சோறு காசநோய்க்கு மருந்து இல்ல. ஆனா அது கெடுதலும் இல்ல. அது வயித்துக்கு இதமா இருந்து, அதனால நாலு வாய் கூடுதலாச் சாப்பிட முடிஞ்சா அதுவே பெரிய உதவி. மாத்திரையும் உள்ள போகணும், சோறும் உள்ள போகணும். அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ தொட்டுக்க ஒரு முட்டையும் வை"ன்னாரு அம்மாகிட்ட. அந்த வழக்கு அதோட முடிஞ்சது.

சொல்லாம விட்ட மூணு பேர்

இன்னொரு வழக்கு முடியல. மருத்துவமனையில டி.பி. பிரிவு அண்ணன் கேட்டாரு: "கூட யார் யார் தங்கியிருக்காங்க?" நான் வீட்டு ஆளுங்க பேரை மட்டும் சொன்னேன். அப்பா, அம்மா, அப்பத்தா, தங்கச்சி. நாலு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல. ஹாஸ்டல் ரூம்ல ஒரே ஃபேனுக்குக் கீழ, ஜன்னலைச் சாத்திட்டு, மூணு மாசம் நான் இருமினதைக் கேட்டுட்டு படுத்திருந்த மூணு பேரை நான் சொல்லல. வெக்கம். தட்டைத் தனியா வச்சிடுவாங்கன்னு பயம்.

மூணு வாரம் கழிச்சுத்தான் முடியாம ரூம்மேட் ஒருத்தனுக்குப் போன் பண்ணேன். "மாப்ள, எனக்கு மஞ்சள்காமாலை இல்லடா"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னான்: "டி.பி. வந்தது தப்பு இல்லடா. மூணு வாரம் கழிச்சு சொல்ற பாரு, அதான் தப்பு." மூணு பேரும் போய் சளியும் எக்ஸ்ரேயும் பார்த்தாங்க. மூணு பேருக்கும் நோய் இல்ல. அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் சாப்பிட்ட சோறு இறங்கல.

நான் திரும்பி வந்தப்போ என் தட்டு எப்பவும் இருக்குற இடத்துலதான் இருந்துச்சு. சரியா மருந்து சாப்பிட ஆரம்பிச்ச சில வாரங்கள்லயே நோய் பரவுற தன்மை வெகுவாக் குறைஞ்சிடும். பரவுறது தட்டாலயும் டம்ளராலயும் இல்ல, காத்தால. இதை அவனுங்க எனக்கு முன்னாடியே படிச்சு வச்சிருந்தானுங்க.

அதனால உங்ககிட்ட ரெண்டே ரெண்டு விஷயம் கேக்குறேன். ரூம்ல யாராவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா, ஆன்டிபயாடிக் அட்டையை நீட்டாதீங்க. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். ரெண்டாவது, அது காசநோயாவே இருந்தா, அன்னைக்கே ரூம்ல சொல்லச் சொல்லுங்க. என்னை மாதிரி மூணு வாரம் எடுத்துக்க வேண்டாம்.

நான் இப்போ 58 கிலோ. போன வாரம் ஊருக்குப் போனப்போ அப்பத்தா மறுபடியும் முதுகைத் தடவிப் பார்த்தா. எலும்பு கையில தட்டுப்படல. "பார்த்தியா, நான் சொன்னேன்ல, எல்லாம் வயித்துலதான் இருக்கு"ன்னு அப்பாவைப் பார்த்துச் சொன்னா. எனக்குத் திருத்தணும்னு தோணுச்சு. பாதிதான் சரி, மீதி அந்த மூணு மாத்திரைன்னு. சொல்லல. தட்டுல இருந்த பழைய சோத்தைச் சாப்பிட்டு முடிச்சேன்.